மறுப்பவர் வீட்டுக்கு வருகிறவள்

“இந்த ஆண்டுத் தடுப்பூசி. சம்மதமா?” என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற ஊசித்தும்பி இயந்திரம் கேட்டது.

“இல்ல” என்றார் ஞானதுரை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தும்பி ஒரு கணம் அந்தரத்தில் சிறகடித்தது. “மறுப்பு பதிவாகிறது. இணக்குநர் வருவார்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் பறந்தது. அங்கே சம்மதம் கிடைத்திருக்க வேண்டும். நீட்டிய கையில் உட்கார்ந்து, எழுந்து, உடனே போய்விட்டது.

தூத்துக்குடியில் இப்போது எல்லாமே அப்படித்தான் வந்து போயின. மூச்சுத்திரிபு என்ற கிருமி ஆண்டுக்கொரு முகம் மாற்றிக்கொண்டு வரத் தொடங்கிய பிறகு, அரிசியையும் மீனையும் மருந்தையும் இயந்திரங்களே கொண்டுவந்து வாசலில் வைத்தன. கிருமி அடங்கியிருக்கும் மாதங்களில்கூட யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. இணக்குநர்கள் மட்டும் விதிவிலக்கு. ஊசியை யார்மீதும் திணிக்கக் கூடாது, மறுப்பவரிடம் ஒரு மனிதர்தான் நேரில் போய்ப் பேச வேண்டும் என்று சட்டம் சொன்னது. மனத்தை மாற்றும் உரிமையை இயந்திரத்துக்குக் கொடுக்க எல்லோரும் பயந்த காலத்தில் எழுதிய சட்டம் அது.

ஞானதுரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த வருடம் அவர் உண்மையாகவே ஏதோ வெறுப்பில்தான் மறுத்தார். இணக்குநராகச் சபீனா வந்தாள். காயல்பட்டினத்துக்காரி. எதிரே உட்கார்ந்து, ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், “சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டாள். அந்த வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கடுத்த வருடங்களில் எல்லாம், ஊசிக் காலம் நெருங்கும்போதே அவர் மறுப்பதற்கு ஒரு காரணம் தேடி வைத்துக்கொண்டார்.

இந்த முறை அவள் செவ்வாய்க்கிழமை வந்தபோது கருப்பட்டிக் காப்பி தயாராக இருந்தது.

“இந்த வருஷம் என்ன காரணம் அண்ணாச்சி?”

“போன வருஷம் போட்டதுல இருந்து சாளை மீன் ருசியே தெரிய மாட்டேங்கு.”

“போன வருஷம் முழங்கால் வலின்னுல்லா சொன்னீங்க?”

“அதுவுந்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவர் கிரேன் கதைகளில் ஒன்றைத் தொடங்கினார். சரக்குப் பெட்டி கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அந்தரத்தில் சிக்கிக்கொண்ட கதை. அவள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வெயில் இறங்கும்வரை இருந்தாள். “யோசிச்சு வையுங்க, மறுபடி வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க வரவில்லை. அடுத்த வாரம் வந்தவள் காப்பியைத் தொடவில்லை.

“ஆறாவது மாடி முத்தரசி அக்காவைத் தெரியுமா?”

அவருக்குத் தெரியாது. ஒரே கட்டடத்தில்தான் இருந்தார்கள்.

“நேத்து இறந்துட்டாங்க. திரிபுதான். அவங்களுக்கு ஊசின்னா நெஜமான பயம், அண்ணாச்சி. பேச்செடுத்தாலே கை நடுங்கும். எவ்வளவோ பேசி, கடைசியா, ‘நீ வந்து பக்கத்துல உக்காந்தா போட்டுக்கிடுதேன்’னு சொன்னாங்க. போன செவ்வாக்கிழமை வரேன்னு சொல்லியிருந்தேன். மறுநாள் போறதுக்குள்ள காய்ச்சல் வந்துட்டு.”

“அன்னைக்குப் போகலையா?”

“இங்கதான இருந்தேன்.”

ஞானதுரை எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கடல் எப்போதும்போல் இருந்தது. சரக்குப் பெட்டி ஆடிய ஆட்டத்தைக் கைகளால் காட்டியது அவருக்கு நினைவு வந்தது. அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“அன்னைக்குப் போட்டிருந்தா பிழைச்சிருப்பாங்களா?”

“இருக்கலாம். தெரியல.”

“எனக்குப் பயமெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. முதல் நாளே போட்டுக்கிட்டிருப்பேன். சும்மாதான் வேண்டாம்னேன். நீ வருவேல்லா, அதுக்குத்தான்.”

“தெரியும்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டாவது வருஷமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் வந்தேன்” என்றாள் சபீனா. “போற வீட்டுல எல்லாம், இவ எப்ப எந்திரிப்பான்னுதான் பாப்பாங்க. நீங்க மட்டுந்தான் இன்னுங் கொஞ்சம் இருன்னு சொல்லுவீங்க. என் வீட்டுலயும் யாருமில்ல அண்ணாச்சி. அன்னைக்கு ஆறாவது மாடிக்குப் போகத்தான் லிஃப்டுல ஏறினேன். உங்க மாடியை அமுக்கிட்டேன்.”

அவர் அவள் எதிரே வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“போடு.”

“போட்டுட்டா அப்புறம் அடுத்த ஊசி வரைக்கும் நான் வர முடியாது. இணங்கினவங்களை இணக்குநர் பாக்கப் போகக் கூடாது. பாசத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கினதா ஆயிரும்.”

“அதுவும் தெரியும். இனி மறுக்கவும் மாட்டேன். பயந்துக்கிட்டு இருக்கிறவங்க இன்னும் எத்தனை பேரோ. நீ அங்க போ.”

அவள் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். அவர் தோள்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். அவர் மற்றொரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தோளோடு சேர்த்தார். ஊசி இறங்கியது. அவள் போன பிறகு, ஆறிப்போன காப்பியை அவரே குடித்தார்.

அடுத்த ஆண்டு தும்பி கேட்டு முடிப்பதற்குள் “சம்மதம்” என்றார்.

கையில் ஒரு சிறு குத்தல். “நன்றி. இந்த ஆண்டின் புதிய விதிப்படி, தயங்காமல் இணங்கியதால் தங்கள் சம்மதம் நிரந்தரமாக்கப்படுகிறது. இனி எந்த ஆண்டும் தங்களிடம் கேட்கப்படாது” என்று சொல்லிவிட்டுத் தும்பி பறந்தது.

யாரும் இனி அவரிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. அன்று முழுக்க அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தார். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். நடைவழியில் ஒரே மாதிரி மூடிய கதவுகள். பக்கத்துக் கதவின் முன் நின்று, கையைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கித் தட்டினார்.

உள்ளே எதுவோ கீழே விழுந்தது.

“யாரு?” ஓர் ஆணின் குரல், பயந்த குரல்.

“பக்கத்து வீடுங்க. ஞானதுரை.”

“நான் சம்மதம் சொல்லியாச்சே! போட்டாச்சு! எங்கிட்ட எதுக்கு வந்திருக்கீய?”

ஞானதுரை தட்டிய கையை இறக்கினார். மூடிய கதவைப் பார்த்தபடியே நின்றார்.

கதவு திறக்கவில்லை. ஆனால் உள்ளே நின்றவர் விலகிப் போகும் காலடி ஓசையும் கேட்கவில்லை.