அரைக் கடலைமிட்டாய்க்கு ஒரு போர்க்கப்பல்

மூன்று பாய்மரம், முப்பது பீரங்கி, மூக்கில் தங்கநிறச் சிங்கம், உள்ளே இருநூறு மாலுமிகள். இத்தனையும் சேர்ந்த ஒரு போர்க்கப்பலின் விலை, போன செவ்வாய்க்கிழமை நிலவரப்படி, அரைக் கடலைமிட்டாய்.

கடித்த அரை இல்லை. கையால் ஒடித்த அரை. வியாபாரத்தில் சுத்தம் முக்கியம்.

வாங்கியவள் ஆறாம் வகுப்பு ஷைமா. விற்றவன் அதே வகுப்பு உக்கிரபாண்டி. கப்பல் மிதந்தது ஒரு வெளிநாட்டுத் தபால்தலையில்.

ஷைமாவிடம் ஏற்கெனவே அதே மாதிரி மூன்று தபால்தலைகள் இருந்தன. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் பேரீச்சம்பழ மொத்தக் கடை. கடைக்கு வந்த ஒரு கடல்கடந்த உறையில் அந்த மூன்றும் ஒட்டியிருந்தன. சேர்த்து வைத்தால் ஒரே படம்: இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கடல்சண்டை. மேலே இரண்டு கப்பல்கள் புகை கக்கிச் சுட்டுக்கொண்டிருந்தன. கீழே இடது பக்கம் ஒரு கப்பல். அதன் முனையில் ஒரு மாலுமி கையை ஓங்கி ஒரு கயிற்றை வீசிக்கொண்டிருந்தான்.

யாருக்கு வீசுகிறான்? அதுதான் தெரியவில்லை. கீழே வலது பக்கம் காலி. நான்காவது தபால்தலை இல்லை. மாலுமி ஒரு வருடமாக வெறும் காகிதத்தைப் பார்த்துக் கயிறு வீசிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பள்ளியில் தபால்தலைக் கண்காட்சி. சாரதாம்பாள் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "முழு செட் இருந்தாத்தான் நடுப்பலகை. ஒண்ணு குறைஞ்சாலும் ஓரத்துலதான்."

போன வருடம் ஷைமா ஓரத்தில் இருந்தாள். ஓரம் என்றால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கம். அவளுடைய கப்பல்களைப் பார்த்தவர்களைவிட அவற்றின் மேல் கை உதறியவர்கள்தான் அதிகம்.

அதனால், செவ்வாய்க்கிழமை இடைவேளையில் உக்கிரபாண்டி சட்டைப்பையிலிருந்து அந்த நான்காவது கப்பலை எடுத்தபோது, ஷைமாவின் நெஞ்சு தவில் வாசித்தது. ஆனால் அவள் செய்தது என்ன தெரியுமா? கொட்டாவி விட்டாள்.

அத்தாவின் கடையில் அவள் பார்த்துப் பழகிய பாடம் அது. சரக்கு பிடித்திருந்தால் முகம் சொல்லக்கூடாது.

"என்ன பாண்டி, கப்பலா? எங்கிட்ட நெறைய இருக்கு."

"இது மாதிரி இருக்காது. எங்க சித்தப்பா கடையில எடுத்தது." வண்டியூரில் அவன் சித்தப்பாவுக்குப் பழைய பேப்பர் கடை. அங்கே தங்கித்தான் அவன் படிக்கிறான். சொந்த ஊர் உசிலம்பட்டி.

"சரி, பாவமா இருக்கு. விலையைச் சொல்லு."

"வாயால சொல்ல மாட்டேன். துண்டு போடு."

துண்டு போடுவது உக்கிரபாண்டி கொண்டுவந்த வழக்கம். உசிலம்பட்டி மாட்டுச்சந்தையில் அவன் மாமா தரகர். சந்தையில் விலையை யாரும் வெளியே சொல்வதில்லை. வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். ஆறாம் வகுப்பில் துண்டு இல்லை, கைக்குட்டை. மற்ற சட்டமெல்லாம் அதேதான். கையை வெளியே எடுத்துவிட்டால் பேரம் முடிந்தது. திரும்பக் கேட்கக் கூடாது.

கைக்குட்டைக்குள் உக்கிரபாண்டி அவளுடைய ஐந்து விரல்களையும் பிடித்தான். ஐந்து தபால்தலை வேண்டுமாம். ஷைமா அவனுடைய ஒரு விரலைப் பிடித்தாள். அவன் மூன்று பிடித்தான். அவள் இன்னொரு கொட்டாவி விட்டாள்.

அப்போது அவன் பார்வை அவளுடைய டிபன் டப்பாவுக்குப் போனது. அதில் ஒரு கடலைமிட்டாய் இருந்தது. அவன் மிட்டாயைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலைப் பிடித்தான். ஷைமா அவனுடைய விரலில் நடுக் கணுவைத் தொட்டாள். அரை!

உடனே தலையாட்டிவிட்டான்.

இதே இடத்தில் அத்தா இருந்திருந்தால், "ஆளு இம்புட்டுச் சீக்கிரம் சம்மதிக்கிறானே, மூட்டையை இன்னொரு தடவை பிரிச்சுப் பாரு" என்று சொல்லியிருப்பார். ஷைமா பார்க்கவில்லை. கப்பலின் மேல்மூலையில் உக்கிரபாண்டியின் கட்டைவிரல் ஆரம்பத்திலிருந்தே அசையாமல் இருந்ததையும் அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தாள். தபால்தலையின் முதுகில் பழைய உறைக் காகிதம் ஒட்டியிருந்தது. ஊறவைத்தால் தானாகக் கழன்றுவிடும்.

காகிதம் கழன்றது. கூடவே கப்பலின் மேல்மூலையும் கழன்றது.

நடுப் பாய்மரத்தின் உச்சியும் கொடியும் தனியாகப் பிரிந்து, கிண்ணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. பின்னாலேயே, நசுங்கிய ஒரு சோற்றுப் பருக்கை மிதந்து வந்தது.

ஷைமாவுக்கு விளங்கிவிட்டது. உறையிலிருந்து அவசரமாக உரித்து, கிழித்து, மதியச் சோற்றால் ஒட்டி, மேலே கட்டைவிரலை வைத்து விற்றிருக்கிறான்!

"அடப்பாவி!"

சாரதாம்பாள் டீச்சரிடம் சொன்னால் போதும். ஸ்டாம்பு கிளப்பில் ஏமாற்றுகிறவர்களுக்கு இடமில்லை. நாளைக்கே பெயரை அடித்துவிடுவார். என்ன சொல்ல வேண்டும் என்று ஷைமா மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'டீச்சர், பாண்டி கிழிஞ்சதை மறைச்சு என்னை ஏமாத்திட்டான்.'

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டீச்சர் அடுத்து என்ன கேட்பார்? 'எம்புட்டுக்கு வாங்கின?'

'அரைக் கடலைமிட்டாய்.'

'அது உன் செட்டோட நாலாவதுன்னு அவன்கிட்டச் சொன்னியா?'

ஷைமாவுக்குக் காது சூடாகியது. அவன் மறைத்தது ஒரு மூலையை. அவள் மறைத்தது மூன்று கப்பல்களை. கொட்டாவி வேறு.

நனைந்த கப்பலை அழுத்தித் துடைத்து மற்ற மூன்றோடு சேர்த்து வைத்தாள். கயிறு வீசிய மாலுமிக்கு எதிரே, ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒரு கப்பல் வந்து நின்றது. பாய்மரம் ஒடிந்த கப்பல்.

அவள் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை உக்கிரபாண்டி கடைசி பெஞ்சுக்கு இடம் மாறியிருந்தான். ஷைமா பக்கத்தில் போனதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான், கேடயம் மாதிரி.

"கையை வெளியே எடுத்தாச்சு. திரும்பக் கேக்கக் கூடாது. மாமா சொன்ன சட்டம்," என்று முந்திக்கொண்டான்.

"நான் ஒண்ணும் கேக்க வரல. சொல்ல வந்தேன். நான்தான் உன்னை ஏமாத்தினேன்."

"நீயா? என்னையவா?"

"என்கிட்ட அந்தச் செட்டுல மூணு இருக்கு. உன்னுது நாலாவது. ஒரு வருஷமா தேடினேன். நீ அஞ்சு கேட்டப்போ அம்பது கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்."

உக்கிரபாண்டி பையை மடியிலிருந்து இறக்கினான். "உன்னை ஏமாத்திப்புட்டோம்னு நேத்துப் பூராவும் சந்தோஷமா இருந்தேன் ஷைமா. அதையும் கெடுத்துட்டியே!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்பெஞ்சிலிருந்து விஜய்ஆனந்த் திரும்பிப் பார்த்தான். "என்ன ஆச்சு?"

"சந்தை ரகசியம். நீ உன் ரயிலைப் பாரு," என்றான் உக்கிரபாண்டி. விஜய்ஆனந்திடம் முழுசாக இருபது ரயில் தபால்தலைகள் இருந்தன.

ஷைமா கைக்குட்டையை மேஜைமேல் விரித்து, அதன்மேல் நான்கு கப்பல்களையும் கொடி இருந்த துண்டையும் வைத்தாள். "பேரம் செல்லாது. நாலாவது கப்பல் இனிமே உன்னுது. செட்டு நம்ம ரெண்டு பேருது. சரியா?"

"அப்ப, நான் தின்ன மிட்டாய்?"

"அது நீ தரவேண்டிய பாக்கி."

அவன் கப்பலின் கிழிந்த ஓரத்தைத் தடவினான். "இன்னைக்கும் சோறுதான் கொண்டுவந்திருக்கேன். ஒட்டிரலாமா? கண்ணாடிக்குள்ள வெச்சா டீச்சருக்குத் தெரியாது. நீயே கண்டுபிடிக்கலையே!"

ஆசையாகத்தான் இருந்தது. நடுப்பலகை கண்ணெதிரே வந்து போனது. ஷைமா கயிறு வீசும் மாலுமியைப் பார்த்தாள்.

"பாண்டி, இவன் எதுக்குக் கயிறு வீசுறான்?"

"எதிரிக் கப்பலை இழுத்துப் பிடிக்க. சண்டையில வேற எதுக்கு வீசுவான்?"

"நடுப் பாய்மரம் ஒடிஞ்ச கப்பல் நகருமா?"

"காத்து புடிக்கிற பெரிய துணியே நடுமரத்துலதானே? நகராது. யாராவது இழுத்துட்டுத்தான் போகணும்…" சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ஏ, அப்ப ஒட்ட வேணாம்! விட்டுரு!"

வியாழக்கிழமை சாரதாம்பாள் டீச்சர் கண்ணாடிச் சட்டத்தைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஏற்றிப் பார்த்தார். நான்காவது கப்பலின் பாய்மரம் பாதியில் நின்றது. அதன் உச்சியும் கொடியும், படத்துக்குக் கீழே இருந்த வெள்ளை அட்டையில், அலையில் விழுந்ததுபோலச் சாய்வாக ஒட்டப்பட்டிருந்தன. அதற்கும் கீழே ஷைமாவின் கையெழுத்து:

'சண்டையில் ஒரு கப்பலின் பாய்மரம் ஒடிந்துவிட்டது. இன்னொரு கப்பல் அதைக் கரைக்கு இழுத்துப் போகக் கயிறு வீசுகிறது. கப்பல்கள்: ஷைமா மூன்று, உக்கிரபாண்டி ஒன்று.'

"கிழிஞ்ச ஸ்டாம்பு!" என்று கத்தினான் விஜய்ஆனந்த். "டீச்சர், கிழிஞ்சது செல்லாது!"

"கிழிஞ்சதுதான். நான்தான் கிழிச்சேன்," என்றான் உக்கிரபாண்டி. "ரெண்டு துண்டும் அங்கதான் இருக்கு. எண்ணிப் பாத்துக்க."

டீச்சரின் உதடு ஓரத்தில் ஏதோ துடித்தது. சிரிப்பை மென்று விழுங்கினார். "பிடிக்கவும் கயிறு வீசியிருக்காங்க, காப்பாத்தவும் வீசியிருக்காங்க. ரெண்டும் நடந்ததுதான். ஆனா விதின்னா விதி. கிழிஞ்சதுக்கு மார்க் கிடையாது. நடுப்பலகையும் கிடையாது."

ஷைமாவின் முகம் தொங்கியது. இந்தத் தடவை கொட்டாவியால்கூட அதை மறைக்க முடியவில்லை.

"குழாய்ப் பக்கமா டீச்சர்?"

"வாசல்ல. உள்ள வர்றவங்க முதல்ல இதைப் பாக்கட்டும்."

வந்தவர்கள் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்கள். மூன்றாம் வகுப்புப் பொடிசுகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "கயிறு எட்டுமா, எட்டாதா?" என்று சண்டை போட்டன. எட்டும் என்று அடித்துச் சொன்னவர்களில் விஜய்ஆனந்தும் ஒருவன். அவனுடைய ரயில்கள் நடுப்பலகையில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு, பார்க்க ஆளில்லாமல் நின்றன.

மறுநாள் உக்கிரபாண்டி பாக்கியைத் தீர்க்க வந்தான். ஆனால் வண்டியூர்க் கடையில் யாரும் அரைக் கடலைமிட்டாய் விற்பதில்லை. முழுசாகக் கொண்டுவந்தான். ஷைமா வாங்கி முழுசாகத் தின்றுவிட்டாள்.

"ஏ! நான் தரவேண்டியது அரைதான்!"

"ஆமா. இப்ப நான் உனக்கு அரை பாக்கி."

திங்கட்கிழமை அவள் ஒன்று கொண்டுவந்தாள், முழுசாக. அவனும் முழுசாகத் தின்றான். இப்போது அவன் பாக்கி. செவ்வாய்க்கிழமை மறுபடியும் அவள்.

கணக்கு இன்றைய தேதிக்கு இப்படி நிற்கிறது. கப்பல் நான்கு: ஷைமாவுக்கு மூன்று, உக்கிரபாண்டிக்கு ஒன்று. ஏமாற்றியது ஆளுக்கு ஒன்று, கழித்தாகிவிட்டது. பரிசு: இல்லை. கண்ணாடியில் மூக்குத் தடம்: எண்ணி முடியவில்லை. நிலுவை: அரைக் கடலைமிட்டாய். அதை ஒரேயடியாகத் தீர்த்துவிட வேண்டும் என்று இருவருக்குமே எண்ணம் இல்லை.