லைட் டியூட்டி, ரெண்டு நாள்

வேலப்பன் ஐந்தரைக்கு எழுந்தான். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தான். பாலில்லாத கோப்பி-ஓ போட்டான். அலமாரியில் இருந்த இரண்டு குவளைகளில் ஒன்றை எடுத்துக் குடித்தான். கழுவினான். இரண்டையும் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தான். ஆறு மணிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியைத் திறந்தான். ஊசிகளைக் கொதிக்கவைத்தான். வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டு மணி அடித்தது. ஏழு மணிக்கு வாசலில் வரிசை நின்றது.

பிரிஞ்சாங்குக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அவன்தான் டிரஸ்சர். டாக்டர் மாதத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் வேலப்பன்தான். வயது இருபத்தொன்பது. மனைவி சீதா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வரிசையில் வருகிறவர்கள் நோய்ச் சீட்டை மேசையில் வைப்பார்கள். அவன் தலை நிமிராமல் கேட்பான். மருந்து கொடுப்பான். லேசான வேலை கொடுக்கச் சொல்லி முத்திரை குத்தி, எத்தனை நாள் என்று பக்கத்தில் எழுதுவான். சில நாள் வரிசை முடிந்த பிறகு யார் யார் வந்தார்கள் என்றுகூட நினைவிருக்காது.

அந்தப் புதன்கிழமை ஒன்பதாவதாக வந்தவர் ஆலையில் இலை அரைக்கும் தங்கையா. ஆறு மாதமாக வாரம் தவறாமல் முட்டி வலி என்று வருகிறவர்.

"அதே வலியா?"

"வலி அதேதாங்க ஐயா. ஆனா இதுல ஒரு கையெழுத்து..."

நாலாக மடித்திருந்த காகிதத்தைப் பிரித்து வைத்தார். வேலப்பன் முத்திரையை ஊதா மையில் தொட்டுக் குத்தினான். பக்கத்தில் வழக்கம்போல் எழுதினான். தங்கையா கும்பிட்டுவிட்டுப் போனார்.

பகல் மூன்று மணிக்கு நல்ல மழை. வாசலில் ஒரு நிழல்.

"சீட்டை வெச்சுட்டு உக்காருங்க" என்றான், நிமிராமலே.

"சீட்டு இல்ல டிரஸ்சர். விண்ணப்பப் பாரம். காலையிலேயே நீங்க அதுக்கு வைத்தியம் பாத்துட்டீங்க."

வேலப்பன் நிமிர்ந்தான்.

ஒரு இளம்பெண். குடை இருந்தும் பாதி நனைந்திருந்தாள். குடையைத் தனக்குப் பிடிக்காமல் கையிலிருந்த காகிதத்துக்குப் பிடித்து வந்திருக்கிறாள் என்று புரிந்தது. நெற்றியில் ஒட்டிய முடி... அதற்குக் கீழே அந்தக் கண்கள். மழையைப் பார்த்தே 'எப்ப நிப்பே?' என்று அதட்டுகிற கண்கள். இரண்டு வருடத்தில் அவன் ஒரு முகத்தை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காகிதத்தை மேசையில் விரித்தாள். பல்கலைக்கழக விண்ணப்பம். தேர்ந்தெடுக்கும் படிப்பு என்ற கட்டத்தில் 'மருத்துவம்' என்று மணிமணியாக எழுதியிருந்தது. அதன் மேலேயே ஊதாவில் முத்திரை... லைட் டியூட்டி. பக்கத்தில் அவன் கையெழுத்தில், 2 நாள்.

"அஞ்சு வருஷப் படிப்புக்கு ரெண்டு நாள் லைட் டியூட்டி குடுத்திருக்கீங்க. ரொம்ப நன்றி."

"இது... எனக்குத் தெரியல. அழிச்சுப் பாக்கலாமா?"

"அடித்தல் திருத்தல் இருந்தா எடுத்துக்க மாட்டாங்க. பின்னாடி போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க. ஓ... நீங்கதான் படிக்க மாட்டீங்களே."

"நீங்க?"

"நவமணி. தங்கையா மக. ஆறாம் பாரம் வகுப்பு ஈப்போவுல படிச்சேன். துரை லீவுல போயிட்டாரு. படிச்ச மனுசன் ஒருத்தர் கையெழுத்து வேணும்னு போட்டிருந்துச்சு. எங்கப்பா உங்களை நெனைச்சுட்டாரு." மூச்சு வாங்கினாள். "நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். தபால் முத்திரை அன்னைக்குள்ள விழுந்திருக்கணும்."

அவன் கண் அவளை விட்டுத் தப்பிக்க இடம் தேடி, பாரத்தின் அடுத்த கட்டத்தில் விழுந்தது. உயிரியல் A. வேதியியல் B. பௌதிகம் D.

"இந்த ரிசல்ட்டுக்கு மெடிசின் கெடைக்கிறது கஷ்டம்." சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

"ரிசல்ட்டா கேட்டாரு எங்கப்பா? கையெழுத்துத்தானே கேட்டாரு."

"பௌதிகத்துல ஏன் D?"

"எனக்குப் பௌதிகம் சரியா வரல."

அவன் காத்திருந்தான். மழை, காய்ச்சல், சாலையில் மண் சரிவு... ஏதாவது வரும். அந்த அறைக்குள் வருகிற எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும். அவளிடம் இல்லை. வரவில்லை என்றால் வரவில்லை. தலையைக் குனியாமல் அதைச் சொன்னாள்.

கதவு வரை போனவள் திரும்பினாள்.

"எங்கப்பாவுக்கு முட்டி வலி இல்ல டிரஸ்சர். கால் மரத்துப்போகுது, அதை வலின்னு சொல்றாரு. கட்டை விரல்ல புண்ணு ரெண்டு மாசமா ஆறல. ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறாரு. பின்கட்டுல எறும்பு மொய்க்குது. சீனி வியாதின்னு நெனைக்கிறேன். நீங்க அவரு காலை ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் மழையில் இறங்கிப் போனாள்.

சாயங்காலம் வேலப்பனே தொழிலாளர் லயத்துக்குப் போய்த் தங்கையாவை அழைத்து வந்தான். நவமணியும் கூட வந்தாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, எட்டுச் சொட்டு சிறுநீர். ஸ்பிரிட் விளக்கில் காட்டினான். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. பிறகு செங்கல் நிறம்... சர்க்கரை நிறைய.

அவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். ஆறு மாதம்... இருபத்தைந்து முத்திரையாவது இருக்கும்.

'நான்தான் சொன்னேனே' என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இனிமே என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"காலையில ஆபீஸ் கிராணியோட கெரெத்தா வண்டியில தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். நான் கடிதம் எழுதித் தர்றேன்." குழாயைக் கீழே வைத்தான். "நாளைக்கு லோரி ஈப்போவுக்குப் போகுது. உங்க ஸ்கூல்ல வேற பாரம் இருக்கும். நானும் வர்றேன்."

"நீங்க எதுக்கு?"

"கெடுத்தது நான்தானே."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். அதட்டுகிற கண்கள்தான்... ஆனால் இந்தத் தடவை மழை கொஞ்சம் விட்டிருந்தது.

லோரியின் முன் இருக்கையில் ஓட்டுநர் சிங்காரம். அவர் பக்கத்தில் வேலப்பன். ஜன்னலோரம் நவமணி. இருவருக்கும் நடுவில் எல்லைக்கல் மாதிரி அவள் அம்மா வேலாயி.

"உங்க அக்கா கம்போங் ராஜாவுல உங்களுக்குப் பொண்ணு பாக்குறாங்களாமே டிரஸ்சரையா?" என்று வேலாயி ஆரம்பித்தாள்.

"பாக்குறாங்க."

"நீங்க போய்ப் பாக்கலியா?"

"அவங்க காட்டுற எடத்துல கையெழுத்துப் போட்டுடுறேன்னு சொல்லியிருக்கேன்."

ஜன்னலோரத்தில் சிரிப்புச் சத்தம். "அதையும் படிக்காமலேவா?"

"நவமணி..." என்று வேலாயி அதட்டினாள். ஆனால் ரிங்லெட் தாண்டியதும் வளைவுகள் அவள் வாயை அடைத்துவிட்டன. வேலப்பன் ஒரு மாத்திரை கொடுத்தான். கால் மணி நேரத்தில் எல்லைக்கல் தூங்கிப் போனது.

"நல்ல மாத்திரைலா" என்றார் சிங்காரம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் சம்சாரத்துக்கும் ரெண்டு குடுங்க."

மழைத் திரை. கீழே பள்ளத்தில் மூங்கில் காடு. நவமணி பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாக...

"உங்க சம்சாரம்... இந்த ரோட்டுலதான்னு அம்மா சொன்னாங்க."

"ஆமா. பிரசவத்துக்குத் தாப்பாவுக்குக் கொண்டுபோனேன். பாதி வழியில... பிள்ளையும் இல்ல."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. எல்லோரும் தோளைத் தட்டினார்கள், தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

"'சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க'ன்னா. அவ்வளவுதான். அவ்வளவு நேரம் இருந்தும் வேற ஒண்ணும் பேசல நாங்க." சொல்லும்போது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

நவமணி யோசித்தாள். எந்த விடையையும் அவசரமாக எழுதாதவள் போலிருந்தது.

"அவ்வளவு வலியிலயும் உங்களைப் பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க" என்றாள்.

வேலப்பன் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டான். சிங்காரம் ஒன்றும் கேட்காமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் மடியில் போட்டார்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா ராதாகிருஷ்ணன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"ஒரே ஒரு பாரம்தான் மிச்சம் இருக்கு. D வெச்சுக்கிட்டு மெடிசினாம்மா? இதை வேஸ்ட் பண்ணாதே. டீச்சர் வேலைக்கு வேற பாரம் தர்றேன். உன் நல்லதுக்குச் சொல்றேன்."

நவமணியின் உதடு இறுகியது. நேற்று இதே வார்த்தையைச் சொன்னவன் பக்கத்தில்தான் நிற்கிறான்...

"சார்" என்றான் வேலப்பன். "நான் டிரஸ்சர். பரீட்சையில என் செட்டுக்கே முதல் மார்க். ஆறு மாசமா ஒரு நோயாளி என் மேசைக்கு வந்தாரு. அவருக்கு என்னன்னு நான் பாக்கல. இவங்க பாத்தாங்க. டெஸ்ட் பண்ணினேன், இவங்க சொன்னதுதான் சரி." நிறுத்தினான். அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி வெகு நாளாகியிருந்தது. "D இருக்குறது உண்மைதான். எடுக்குறதும் விடுறதும் அங்க இருக்குறவங்க முடிவு பண்ணட்டும். நாம முடிவு பண்ண வேணாம்."

ராதாகிருஷ்ணன் கண்ணாடியை மேலே ஏற்றினார். மேசை இழுப்பறையைத் திறந்தார்.

நவமணி எழுதி முடித்துப் பாரத்தை வேலப்பனிடம் நீட்டினாள். அவன் முதல் வரியிலிருந்து படித்தான். பின்பக்கம் திருப்பினான். திரும்பவும் முன்பக்கம்.

"பரீட்சைக்கா படிக்கிறீங்க? போஸ்டாபீஸ் மூடிடுவாங்க."

"இருங்க. 'விண்ணப்பதாரரை உமக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்'னு கேட்டிருக்கு."

"என்ன எழுதப் போறீங்க?"

"ரெண்டு நாள்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது. கடைசியில், அவள் குடும்பத்தை நாலு வருடமாகத் தெரியும் என்ற உண்மையை எழுதிக் கையெழுத்திட்டான். தபால் முத்திரை விழும்போது மணி மூன்றே முக்கால்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நவமணி அப்பாவுடன் ஆஸ்பத்திரிக்கு வருவாள். குழாயைப் பிடிப்பது அவள். விளக்கைக் காட்டுவது அவன். செங்கல் நிறம் மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது. ஒரு நாள் எவ்வளவு காட்டியும் நீலம் நீலமாகவே நின்றது. இரண்டு பேரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்... தங்கையாதான் இருமிக் காட்ட வேண்டியிருந்தது.

மே மாதம் வந்த தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. வேலப்பன் அதை இரண்டு தடவை படித்தான்.

"D-தானே" என்றாள் அவள். அன்று மட்டும் கண்கள் தரையைப் பார்த்தன. மறுநாள் காலை மழையில் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறியவர்களில் முதலில் போனவள் அவள்தான். ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று அவன் அந்த மஞ்சள் மழைச்சட்டையை மூடுபனிக்குள் மறையும்வரை பார்த்தான்.

ஜூன் மாதம் தந்தி வந்தது. இரண்டாவது பட்டியல். இடம் உண்டு. நாளையே கோலாலம்பூருக்கு வர வேண்டும். லயமே அவள் வீட்டு வாசலில் கூடியது. வேலப்பன் போகவில்லை.

போய் என்ன சொல்வது? டாக்டர் வந்தால் டிரஸ்சர் எழுந்து நிற்க வேண்டும். அதுதான் தோட்டத்து வழக்கம். போதாததற்கு மனைவியை இழந்தவன். மேலே போகிறவளின் முந்தானையைப் பிடித்து இழுப்பதா?

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தான். அடுப்பைப் பற்றவைத்தான். கோப்பி போட்டான். பார்த்தால் இரண்டு குவளையிலும் ஊற்றியிருந்தான். ஆவி பறக்கும் இரண்டாவது குவளையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரிச் சாவியை மருத்துவச்சியிடம் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

பிரிஞ்சாங்கில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. தங்கையாவும் வேலாயியும் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள். அவனைக் கண்டதும் தங்கையா மனைவியின் கையைப் பிடித்து, "வா, அந்த முட்டைக்கோஸ் லோரியைப் பாத்துட்டு வரலாம்" என்று இழுத்துக்கொண்டு போனார்.

"நேத்து ஊரே வந்துச்சு" என்றாள் நவமணி ஜன்னலிலிருந்து. "நீங்க வரல."

"டாக்டர் வந்தா நான் எழுந்து நிக்கணும். அதை நெனைச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்."

"இப்ப?"

"இப்ப... நிக்கிறதுல வருத்தமில்லன்னு தெரிஞ்சுது. நீங்க வருவீங்கன்னா எவ்வளவு நாள்னாலும் நிப்பேன்." தொண்டையைச் செருமினான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு நவமணி. எழுதித் தரணும்னா எழுதித் தர்றேன்."

அவள் கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ஊதா மை... லைட் டியூட்டி, 2 நாள். குப்பையில் போட்டிருப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். அதைத் திரும்ப மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். கண்கள் நனைந்திருந்தன. அப்போதும் அதட்டத்தான் செய்தன.

பஸ் நகர்ந்தது. அவன் பத்தடி கூடவே நடந்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அஞ்சு வருஷம் ஆகும். உங்க அக்கா எந்தக் காகிதத்தை நீட்டினாலும்... என்னைக் கேக்காம கையெழுத்துப் போட்டுடாதீங்க."