பானெட்டுக்கு அந்தப் பக்கம்

களிமண்ணைத் திருப்பிப் பார்த்தார் குரமோச்சி. காரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்திலும் விரல்கள் பதிந்திருந்தன.

தன் விரலாகத்தான் இருக்கும், வேறு யாருடையது? பெயின்டில் வேர்விட்ட அழுக்கைக் கீறாமல் பிடுங்கும் களிமண் அது. சோப்புத் தண்ணீர் தெளித்து, நான்கு விரலால் நோகாமல் தேய்த்து, அழுக்கு ஏறியதும் மடித்துப் பிசைய வேண்டும். மடிக்கையில் தடம் மாறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். தடங்கள் மட்டும் அவர் விரலைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தன.

ஹமமாட்சுவில் மழைக்காலம். தகரக் கூரைமேல் மூன்று நாளாக அதே தூறல். ஷட்டரைப் பாதி இறக்கிய ஷெட்டில் பல் டாக்டர் உபுகாட்டாவின் 1968ஆம் வருடத்துக் கார் நின்றது. பதினான்கு வருடம் பன்றிப்பண்ணைக்குப் பக்கத்தில் கிடந்த வண்டி. ஜப்பானிலுள்ள காக்கைகள் அத்தனையும் வயிற்றுப்போக்கோடு வந்து மாநாடு நடத்திவிட்டுப் போனதுபோல இருந்தது.

காலையில் வண்டியை விட்டுப்போகும்போதே டாக்டர் சீண்டினார். “கம்பெனியில அடிச்ச பெயின்ட் குரமோச்சி-சான், வெங்காயச் சருகு மாதிரி ஆயிடுச்சு. மிஷின் வச்சீங்கன்னா தகரம் பல்லிளிச்சிடும்.”

“மிஷினே கிடையாது டாக்டர், வெறும் கைதான். ஒரு கீறல் விழுந்தாலும் கடைப் பெயர்ப்பலகையை நானே கழட்டி அடுப்புல வச்சிடறேன்.”

“பழைய கார் சங்கத்து ஆளுங்க முன்னாடியும் இதையேதான் சொன்னீங்களாம். ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்குப் பூதக்கண்ணாடியோட வராங்க. பலகை நல்லா எரியுமா?”

முப்பது வருடமாகக் கார்களுக்கு மெருகேற்றியும் ஒரு கீறல் போட்டவரில்லை குரமோச்சி. மீண்டும் தேய்த்தார். பன்றிச் சாணமும் தார்த்துளியும் வரும் என்று பார்த்தால், மஞ்சளாக, காதுக்குறும்பிபோல ஒரு மெழுகு வந்தது. கழுவாத தலையில் பத்து வருடம் கிடந்த சீப்பின் வாடை அடித்தது. பிசையப் பிசைய அந்த வாடை தொண்டைக்குள் இறங்கி நாக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டது. புதுக் களிமண் எடுத்தார். அதிலும் மெழுகு. அதற்குள் குட்டை குட்டையாக நரைமுடி. களிமண் வேறு, அப்போதுதான் குடித்துவைத்த கோப்பைபோல வெதுவெதுவென்றிருந்தது.

தொழிலில் அழுக்கைப் பார்ப்பது கண்ணல்ல, விரல். மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவினார். சொரசொரப்பு இருந்தது. ஆனால் அது மணல்போல இல்லை. புல்லரித்த தோல்போல இருந்தது. தடவிய இடமெல்லாம் இன்னும் கொஞ்சம் எழுந்தது.

உள்ளேயிருந்து மனைவி சிசுரு கத்தினாள். “என்னங்க! சோபா நூடுல்ஸ் ஊறிப்போய்க் கொழுத்த புழு மாதிரி நெளியுது. வர்றீங்களா, கொட்டவா?”

“கொட்டித் தொலை!” என்றார்.

“அந்தக் காரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க!”

இன்னும் ஒரு சாண் இடம்தான் பாக்கி. களிமண்ணை வைத்தார். அழுத்தினார்.

அந்தப் பக்கத்திலிருந்தும் அழுத்தியது.

நான்கு விரல். மெதுவாக. வட்டமாக அல்ல, நேர்கோட்டில், முன்னும் பின்னும். தொழில் தெரிந்த கை.

கையை வெடுக்கென்று இழுத்திருந்தால் தப்பியிருக்கலாம். களிமண் நிறையப் பெயின்டிலிருந்து பிடுங்கிய பொடிமணல். இழுத்தால் கீறும். பூதக்கண்ணாடி. பலகை. முப்பது வருடம். குரமோச்சி இழுக்கவில்லை. மூச்சைப் பிடித்து, ஓரத்திலிருந்து, நோகாமல், ஒவ்வொரு விரலாக உரித்தெடுத்தார்.

கீறல் இல்லை.

விரல்களைப் பார்த்தார். ரேகை இல்லை. நகம் இல்லை. ரத்தமும் இல்லை. உரித்த அவித்த முட்டைபோல நான்கு நுனிகள், வழவழவென்று. களிமண்ணில் மஞ்சள் மெழுகு. அதில் பிறை பிறையாக நான்கு நகங்கள்.

“சிசு...” என்று ஆரம்பித்தார்.

பானெட் பளபளத்தது. கண்ணாடி தோற்றது. அதில் அவர் முகம் தெரிந்தது. அந்த முகம் கத்தவில்லை. கவனமாக இருந்தது. அதன் கையில் களிமண்.

அந்தக் களிமண் அவர் வாய்மேல் போனது. முன்னும் பின்னும்.

“என்னங்க, கூப்பிட்டீங்களா?”

பதில் சொல்ல உதடு இல்லை. உதடு இருந்த இடம் வழவழத்தது.

“கேட்டா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?” ஷெட்டை நோக்கிச் செருப்புச் சத்தம் வந்தது.

பானெட்டுக்குள் இருந்தவர் குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சத்தில் மினுக்கம் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. களிமண்ணை மடித்து, பிசைந்து, சுத்தமான பக்கத்தை வெளியே திருப்பி, சோப்புத் தண்ணீரை இரண்டு முறை தெளித்துவிட்டு, கண்களுக்கு வந்தார்.