பிழைகளின் கால அட்டவணை

கூடத்துச் சுவரில் தெளிமானி மஞ்சளாக எரிந்தபோது சாந்தகுமாரிக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். வயது எழுபத்தெட்டு. விழுப்புரம் சந்திப்பில் முப்பது ஆண்டுகள் ரயில் அறிவிப்பு செய்தவர். ஒரு நாளும் நடைமேடை எண்ணை மாற்றிச் சொன்னதில்லை. அந்த வாய்க்கா மஞ்சள்?

அறுபத்தைந்தைத் தாண்டிய எல்லார் வீட்டிலும் தெளிமானி உண்டு. அது கேள்வி கேட்காது, பேசுவதன் பொருளையும் பார்க்காது. பேச்சிலும் நடமாட்டத்திலும் பிழைகள் எப்படி வருகின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளும். ஆண்டுக்கொரு முறை பச்சை காட்டினால் தனியாகக் குடியிருக்கலாம். இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுக் காப்பகம் போக வேண்டியதுதான். அதற்காகவே அவர் இந்த ஆண்டு ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசினார். அடுத்த தெருவில் இருக்கும் இளைய மகள் ஹரிணியை மூத்தவள் பெயர் சொல்லி நிவேதா என்று கூப்பிடும் பழக்கத்தைக்கூட அடக்கிவிட்டார்.

ஆய்வுக்கு வந்த அலுவலர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“தப்பு பண்ணதுக்காக மஞ்சள் விழலம்மா. தப்பே பண்ணாம விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான். உங்களுக்குன்னு வழக்கமா சில மறதி உண்டு. அது திடீர்னு காணோம்.”

மறதியை மறைக்கத் தொடங்கியவர்கள்தான் இப்படி அளந்து பேசுவார்களாம். ஆறு வாரத்தில் மறு ஆய்வு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாந்தகுமாரி ஒரு நோட்டை எடுத்தார். தன் பிழைகளையெல்லாம் யோசித்து, ரயில் கால அட்டவணை போலக் கிழமைவாரியாக எழுதினார். திங்கள்: மகள் பெயரை மாற்றிக் கூப்பிடுதல். புதன்: கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு பீரோவில் தேடுதல். வியாழன்: அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு, பொங்கியதும் ஓடுதல். ஆறு வாரத்தில் ஒரு பிழைகூடத் தவறவில்லை, ஒன்றுகூடத் தாமதமாகவும் வரவில்லை.

பச்சை விழுந்தது. ஹரிணிக்குத் தலைகால் புரியவில்லை. எங்கம்மா மெஷினையே ஜெயிச்சுட்டாங்க என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சாந்தகுமாரியும் பதவி உயர்வு வந்த நாளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெருமை அவ்வளவு சுலபத்தில் அடங்குமா?

“நிவேதா, காபி ஆறுது பாரு, எடுத்துக்கோ.”

ஹரிணி சிரித்தாள். “இன்னைக்கு லிஸ்ட்ல இதுவாம்மா?”

அவர் நோட்டைப் புரட்டினார். அன்று வியாழன். அந்தப் பக்கத்தில் பெயர் மாற்றம் இல்லை. பழைய பழக்கம்தான் தானாகத் திரும்பியதா, இல்லை, புதிதாக ஏதாவது தொடங்குகிறதா? அதைச் சொல்ல வேண்டிய கருவியை அவரே ஜெயித்துவிட்டிருந்தார்.

“ஆமா, இதுதான்” என்றார், நோட்டை மூடிவிட்டு, அதே பழைய அறிவிப்பாளர் குரலில், ஒரு பிசிறில்லாமல். சுவரில் பச்சை எரிந்துகொண்டிருந்தது.