54,288 வாக்குகளும் ஒரு பாண் கத்தியும்

"ஐயோ...!"

ஒஸ்லோவின் அம்மருட் அடுக்குமாடியின் பத்தாவது மாடியில் எழுந்த அந்த அலறலில், தூரத்து ஸ்தவாங்கர் நகரின் எண்ணெய்க் கிணறுகளே ஒரு கணம் நின்றுவிட்டன!

ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டுக் கதவில் ஒரு கத்தி!

கத்தி முனையில் ஒரு கடிதம்...

பிரெஞ்சில்!

பொலிஸ் அதிகாரி யதுர்ஷா காப்பியைப் பாதியில் விட்டுவிட்டுப் பறந்து வந்தாள்.

"என்ன எழுதியிருக்கு, மாமா?"

"'இண்டைக்குப் பின்னேரம் வாய் திறந்தால் பிணம்' எண்டு! கனடா உளவுத்துறைதான், பிள்ளை! கனடாவிலையிருந்து கியூபெக் பிரியிறது பிடிக்காதவங்கள்!"

"பின்னேரம் என்ன?"

"என்ரை பேச்சு! வாக்கெடுப்பு தோத்து முப்பது வருசம். கவிழ்த்த துரோகி ஆரெண்டு சபையிலை சொல்லப்போறன்!"

மொன்றியலில் இருபது வருடம் வாழ்ந்துவிட்டு ஒஸ்லோ வந்தவர். பிரெஞ்சுக் கனடியர்களே போர்த்தித் தூங்கவைத்துவிட்ட விடுதலையை, இவர் மட்டும் தூங்கவிடுவதாக இல்லை! ஆங்கிலேயர் கியூபெக்கைப் பிடித்த 1759இலிருந்து கதையை ஆரம்பித்தார். 1980இன் முதல் வாக்கெடுப்பு தோற்பதற்குள், அவர் மனைவி அஜந்தா கொடுத்த தேநீர் யதுர்ஷாவின் கையில் பனிக்கட்டியாகிவிட்டது!

"தொண்ணூற்றஞ்சிலை ரெண்டாவது! ஐம்பத்துநாலாயிரத்து இருநூற்று எண்பத்தெட்டு வாக்காலை ஒரு நாடே போச்சுது! பிரிவுக்கு 'ஓம்' எண்டு போட்ட கை இது!"

கையை உயர்த்திக் காட்டினார்.

"போன வருசப் பேச்சுக்கு எத்தினை பேர் வந்தவை?" யதுர்ஷா கேட்டாள்.

"ஏழு," என்றாள் அஜந்தா. "அதிலை நாலு பேர் ரோல்ஸ் தின்ன வந்தவை. இந்த முறை கத்திக் கதை வட்ஸ்அப்பிலை போய் இருநூறு பேர்! அங்காலை பேர்கன் நகரத்திலையிருந்தும் வருகினம்... அது கிடக்க, என்ரை பாண் வெட்டுற கத்தியைக் காணேல்லை."

யதுர்ஷா கடிதத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

உச்சியில்... நட்டநடுவில்... சின்னதாக... ஒரு 'உ'!

"மாமா... கனடா உளவுத்துறை எப்ப துவக்கம் பிள்ளையார் சுழி போடுது?"

ஸ்ரீஸ்கந்தராசா கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

மீசை ஆடியது.

"சனம் வரட்டும் எண்டுதான் நானே எழுதிக் குத்தினன், பிள்ளை... பழக்கதோசம். சுழி போடாமல் நான் கடதாசியிலை பேனை வைக்கமாட்டன்."

"எந்தக் கடதாசியிலையும்?"

"சத்தியமா!"

"தொண்ணூற்றஞ்சு வாக்குச்சீட்டிலை?"

"பின்னை? ஒரு நாட்டைத் தொடங்கிறம்! பிள்ளையார் இல்லாமலோ?"

"வட்டத்துக்குள்ளை போடுற புள்ளடியைத் தவிர வேறை எதைக் கீறினாலும் அந்தச் சீட்டு செல்லாது, மாமா!"

உயர்ந்த கை... மெல்ல... மெல்ல... இறங்கியது!

"பிள்ளை! பொய் முறைப்பாட்டுக்கு என்னைப் பிடியும்... கம்பிக்குப் பின்னாலை மறியலிலை போடும்... சுழிக் கதையை மட்டும் வெளியிலை விட்டுடாதையும்!"

"மறியலோ? சபையிலை துரோகி ஆரெண்டு சொல்லுறனெண்டனீங்கள். சொல்லுங்கோ! முன்வரிசையிலை நான் இருப்பன்."

குசினிக்குள்ளிருந்து அஜந்தாவின் குரல் வந்தது.

"இருநூறு ரோல்ஸ் பொரிச்சாச்சு! துரோகியார், கெதியா வெளிக்கிடுங்கோ!"