வெயில் இறங்காத கல்

காலைப் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகுதான் கல்தச்சன் பெரின் அதைக் கவனித்தான். மார்ன் ஆற்றங்கரையின் புதிய பேராலயத்தில், தெற்குச் சன்னல்கள் வழியே இறங்கிய வெயில் நீலமும் சிவப்புமாகத் தரையெங்கும் சிந்திக் கிடந்தது. வடக்குச் சுவரோரம், அவன் கையாலேயே பதித்த ஒரு கல்லின் மேல் மட்டும் அது விழவில்லை. குறுக்கே தூண் இல்லை, ஆள் இல்லை. ஒரு முழ நீளத்துக்கு இருட்டு, நனைந்த சாக்குத் துணி போல அங்கே படுத்திருந்தது.

அந்தக் கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். தலையில் ஊற்ற மருத்துவச்சி தண்ணீர் மொண்டு திரும்புவதற்குள் அடங்கிப்போன அவன் பிள்ளை. பெயரில்லை, ஞானஸ்நானமில்லை, கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை. வேலிக்கு வெளியே புதைக்க மனசு வராமல், சுண்ணாம்புக் கூடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து இங்கே வைத்திருந்தான். மனைவி இசாபோவிடம்கூடச் சொல்லவில்லை.

கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்த ஒடோ சாமியாரிடம் மெல்லக் கேட்டான்.

"சாமி, வெளிச்சமே படாத இடம்னு கோயிலுக்குள்ள இருக்குமா?"

"கல்லு செதுக்குறவனுக்குத் தத்துவம் வேற வேணுமா?" என்று அவர் சிரித்தார். "வெளிச்சம்னா கடவுளோட பார்வைடா. சுவரை மெலிசாக்கி, சன்னலை இவ்வளவு பெரிசா வச்சது எதுக்கு? இங்க அவர் பார்க்காத கல்லே கிடையாது."

"ஞானஸ்நானம் வாங்காமப் போன குழந்தையைப் பார்ப்பாரா?"

சிரிப்பு நின்றது. "அதுக்கு வேதனை கிடையாது, பெரின். ஆனா அவர் முகத்தை அது பார்க்காது. என்னைக்குமே."

மறுநாள் அந்த இருட்டு அடுத்த கல்லில் இருந்தது. அதற்கு மறுநாள் தூணடியில். ஈரச் சுண்ணாம்பு வாசனைக்குள் புளித்த பால் வாசம் கலந்திருந்தது. குனிந்தால், ஈறு மட்டுமே உள்ள வாய் எதையோ சப்பித் தேடுவது போல ஒரு சத்தம் தரையிலிருந்து கேட்டது. பீடத்துக்குத்தான் போகிறது என்று நினைத்தான். "போ கண்ணு, போய் அவரைப் பார்த்துக்கோ," என்று முழங்காலிட்டு அழுதான்.

அது பீடத்துக்குப் போகவில்லை. திரும்பி மேற்கு வாசல் பக்கம் ஊர்ந்தது. பெண்கள் நுழையும் வாசல்.

பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள், தீட்டுக் கழிக்கும் சடங்குக்காகக் கையில் மெழுகுதிரியுடன் இசாபோ வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு வேணாம், இசாபோ. வீட்டுக்குப் போயிடலாம்."

"நாப்பது நாளா நாலு சுவத்துக்குள்ள கெடக்கேன். பிள்ளையைத்தான் உள்ள விடல. என்னையுமா? தள்ளுங்க."

ஒடோ அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அவள் முழங்காலிட்டாள். சங்கீதம் தொடங்கியது. பெரின் தரையைத் தேடினான். தூணடியில் இல்லை. வாசலில் இல்லை. எங்குமே இல்லை.

நிமிர்ந்தான்.

அவள் முகத்தில் நீலம். தோளில் சிவப்பு. மார்பில் மட்டும் ஒரு முழம் இருட்டு.

மெழுகுதிரி கீழே விழுந்தது. அவள் கைகள் தாமாக உயர்ந்து, மடங்கி, அந்த இருட்டை ஏந்திக்கொண்டன. வற்றிப்போன பால் சட்டையை நனைத்தது. சப்பும் சத்தம்.

"ஏங்க," என்றாள். இத்தனை நாளில் முதன்முறையாகச் சிரித்தாள். "இவனுக்கு எவ்வளவு பசி பாருங்க."

"கீழ விடு, இசாபோ. விட்டுடு."

"எப்படிங்க விடுவேன்?"

தோளின் சிவப்பு அணைந்தது. பிறகு கன்னத்து நீலம். வெளியே வெயில் அப்படியேதான் இருந்தது. ஒடோ கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தார். வண்ண வெளிச்சம் தரையெல்லாம் நிறைந்திருக்க, நடுவே ஒரு பெண்ணின் உருவத்தில் இருட்டு முழங்காலிட்டிருந்தது. முன்னும் பின்னுமாக, மெதுவாக, அது தாலாட்டிக்கொண்டிருந்தது.