நிலவறையில் ஓடிய விசிறி

வீடு சூடாகிவிட்டால், நிலவறையில் இருந்தபடி வீட்டைச் சூடாக்கும் உலையான ஃபர்னஸ் தன் தீயை அணைத்துக்கொள்ளும். அதன் விசிறி இன்னும் இரண்டு நிமிடம் மிச்சச் சூட்டை மேலே தள்ளிவிட்டு ஒரு பெருமூச்சோடு நிற்கும். சனிக்கிழமை காலையிலிருந்து அந்தப் பெருமூச்சு வரவேயில்லை என்பது, மதியச் சூப்பைக் குடிக்கும்போதுதான் ரெய்னோவுக்கு உறைத்தது. தரையிலிருந்த துவாரங்கள் வழியாகக் காற்று வந்துகொண்டே இருந்தது. அதில் சூடுமில்லை, குளிருமில்லை. ஈர அட்டைப்பெட்டியும் துருவும் கலந்த வாசனையோடு வந்த அந்தக் காற்று, யாரோ விரலால் விலக்கிப் பார்ப்பதுபோல ஜன்னல் திரையின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

படுக்கையறையில் எட்டிப் பார்த்தான். மனைவி எல்மா நேற்றிலிருந்து தலைவலி, வாந்தி என்று படுத்திருந்தாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. காய்ச்சல்தான் என்று நினைத்துக் கதவைச் சாத்தினான். அவனுக்கும் தலை கனத்தது. துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றிய காலத்தில் இரட்டை ஷிப்ட் முடித்த மறுநாள் இப்படித்தான் இருக்கும். கையும் காலும் வேறு எவனிடமோ இரவல் வாங்கியதுபோல.

எல்மாவின் அண்ணன் ஓன்னிக்கு ஃபோன் போட்டான். அடுத்த ஊரில் இருந்த ஓன்னிக்கு ஃபர்னஸ் மாட்டுவதுதான் தொழில்.

"மச்சான், நீ குடுத்தது ஓய மாட்டேங்குது."

"என் தங்கச்சியவா சொல்ற? அவ பொறந்ததுலேருந்தே அப்படித்தான் மாப்ள."

"ஃபர்னஸ் விசிறியச் சொல்றேன்."

"புதுசுப்பா அது, அக்டோபர்லதான மாட்டுனேன். சுவத்துல பட்டனப் பாரு. ஆட்டோல இருக்கா, ஆன்ல இருக்கா? பாதிப் பேரு அத மாத்தி வெச்சுட்டுத்தான் என் உயிர வாங்குறான்."

"ஆட்டோலதான் இருக்கு."

"அப்ப கீழ போ. சிவப்பு சுவிட்ச அணை."

ஃபோனைக் காதில் வைத்தபடியே இறங்கினான். படிகள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. நிலவறையின் சின்ன ஜன்னலில் வெளிச்சமில்லை. வியாழக்கிழமை ரெய்னோதான் வீட்டைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் பனியை வாரி, ஷவலால் தட்டித் தட்டி அணைகட்டியிருந்தான். குளிர்காற்று உள்ளே நுழையாமலிருக்க அவன் அப்பா அப்படித்தான் செய்வார், தாத்தாவும் அப்படித்தான். அந்தத் தெருவே அப்படித்தான். பனி வீட்டுக்குக் கம்பளி.

சிவப்பு சுவிட்சை அணைத்தான். விசிறி ஓடியது.

ஃபர்னஸுக்கு மின்சாரம் போகும் பிரேக்கரை இறக்கினான். விசிறி ஓடியது.

"சும்மா சொல்லாத," என்றான் ஓன்னி. "கரண்டே இல்லாம எப்படி ஓடும்? கீழ்த் தகடக் கழட்டிப் பாரு."

தகட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். உள்ளே விசிறிச் சக்கரம் அசையாமல் நின்றது. அதன் இதழ்களில் தூசி படிந்திருந்தது. விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தான். நின்றுதான் இருந்தது. ஆனால் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, சக்கரத்துக்குப் பின்னால், குழாய்களுக்குள், சுவர்களுக்குள்.

"சக்கரம் நிக்குது மச்சான். விசிறி ஓடுது."

"ஃபோன அதுகிட்ட வை."

வைத்தான்.

"ஒண்ணும் கேக்கலயே." ஓன்னியின் குரலில் கேலி போயிருந்தது. "மாப்ள, உனக்குத் தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா."

"எல்மாவுக்கு?"

"வாந்தி. தூங்குறா. மொகமெல்லாம் செவந்து கெடக்கு."

"வாயு அலாரம் அடிக்கலயா?"

"காலைல கத்துச்சு. பேட்டரி போயிருச்சுன்னு கழட்டி வெச்சேன்."



"வெளிச்சுவத்துல வெள்ளைக் குழாய் ரெண்டு விட்டேனே. பொகை போற வழி. எங்க அது?"

"பனிக்குள்ள."

"அடப்பாவி. பொகை பூரா வீட்டுக்குள்ளதான்டா வந்துருக்கு! கண்ணுக்கே தெரியாத விஷம்டா அது! எல்மாவத் தூக்கிட்டு வெளிய ஓடு. இப்பவே ஓடு! ஃபோன வைக்காத."

ரெய்னோ ஓடினான். கால் ஓடியது; அவன் பின்னால் போனான். படி. இன்னொரு படி. கதவு. எல்மாவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். கனமேயில்லை. அது அவனுக்கு விசித்திரமாகப் படவில்லை. கூடம். வாசல். குளிர் கன்னத்தில் அறைந்தது. அவளைக் கட்டிப்பிடித்தபடி பனியில் விழுந்தான்.

"மாப்ள! வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்."

"ரெண்டு பேரும்?"

"ரெண்டு பேரும்."

ஓன்னி அழுதான், அல்லது சிரித்தான். "அங்கயே இருங்க. கார்ல ஹீட்டரப் போட்டு உக்காருங்க. நான் கெளம்புறேன். பனில ஒரு மணி நேரமாவது ஆகும். வீட்டுக்குள்ள மட்டும் போயிராதீங்க."

"சரி மச்சான்."

ஃபோன் அணைந்தது.

அவன் எல்மாவின் தோளைத் தடவிக்கொடுத்தான். தோள் வழவழப்பாக இருந்தது. நேராக இருந்தது. ஓரத்தில் திருகாணிக்கான ஓட்டை இருந்தது.

கண்ணைத் திறந்தான். கன்னத்துக்கடியில் நிலவறையின் சிமெண்ட் தரை. கைகளுக்குள் ஃபர்னஸின் தகடு.

அவன் படியில் ஏறவேயில்லை. 'வந்துட்டோம்' என்ற சொல் மட்டும் ஃபோனில் ஓன்னிக்குப் போயிருந்தது.

புரிந்தது. எல்லாமே தெளிவாகப் புரிந்தது. எல்மா மேலே இருக்கிறாள், தலைக்கு நேர் மேலே. எழுந்திருக்க வேண்டும். அந்த நினைப்பு யாரோ பக்கத்து வீட்டுக்காரனுடையது போலத் தூரத்தில் நின்றது. பயம் வரவில்லை. ஃபோன் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. கையை நீட்டினான். கை நீளவில்லை.

சத்தம் நின்றிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அவன் முகத்துக்கு எதிரே, இருட்டுக்குள், சக்கரம் சுற்றத் தொடங்கியது.